கோர்வை விட்ட புடவை

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நடுவில் பேசச் சொல்லி அடிக்கடி கூப்பிடுகிறார்கள். போகிறேன். பேசி முடித்து இறங்கியதும் சூழ்ந்துகொண்டு எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மேடம், நீங்க எந்த கோச்சிங் சென்டர்ல படிச்சீங்க?" பிள்ளையார்பாளையத்தில் ஒரு குழித்தறியில் படித்தேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அடக்கத்துக்காக ஏதோ சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அடக்கம் அவ்வளவாக வராது. என்னிடம் வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதை ஒருமுறை முழுதாக எழுதிவைத்துவிட்டால் மேடைக்கு மேடை விளக்கவேண்டிய தொல்லை இருக்காது.

வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஒன்று சொல்லவேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இருக்கும் காஞ்சிபுரம் பட்டைத் தனி ஆளாக நெய்ய முடியாது. நெசவு செய்பவர் குழிக்குள் காலை விட்டு மிதிகட்டையை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு இடப்பக்கம் இன்னொருவர் உட்காரவேண்டும். புடவை உடலின் நூலைச் சுமந்து ஓடும் நாடா அந்தப் பக்கம் வந்து சேரும்போது, கரைக்கான சின்ன நாடாவை எடுத்து, இரண்டு இழைகளையும் ஒன்றோடொன்று மாட்டி அனுப்பவேண்டும். இதற்குத்தான் கோர்வை என்று பெயர். மாட்டாமல் விட்டால் அந்த இடத்தில் உடலும் கரையும் ஒட்டாமல் நிற்கும். புடவை கிழிந்தாலும் கிழியுமே தவிர கோர்த்த இடம் பிரியாது என்று எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் பீற்றிக்கொள்வது இந்த வேலையை வைத்துத்தான். பீற்றிக்கொள்வது அவர்கள், தோள்பட்டை வலிப்பது எங்களுக்கு.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் பி.காம். முடித்திருந்தேன். என் மாமியார் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "கோர்வை போடுவியாம்மா?" என்று கேட்டார். போடுவேன் என்றேன். "எங்க, பாக்கலாம்" என்று சொல்லி, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் அப்பாவின் தறியிலேயே பிள்ளையையும் என்னையும் உட்காரவைத்துவிட்டார். முன்பின் பார்த்திராத ஆளோடு, புதுப்புடவையோடு, நான் நாடா எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். தறிச் சத்தத்தைக் கொஞ்சநேரம் கேட்டுவிட்டு மாமியார் சொன்னார்: "கை ஒத்துப் போவுதுப்பா. தேதி பாருங்க." ஜாதகத்தை அதற்குப் பிறகுதான் எடுத்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்பே நான் குரூப் ஒன் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். துணை ஆட்சியர், டி.எஸ்.பி. என்று நேரடியாகப் பெரிய பதவிகளுக்கு எடுக்கிற தேர்வு அது. ஒருமுறை முதல் படியிலேயே வழுக்கி விழுந்தேன். இன்னொருமுறை முதன்மைத் தேர்வு வரை போய்த் திரும்பினேன். கல்யாணமாகித் தறியில் உட்கார்ந்த பிறகும் ஆசை விடவில்லை. கடைசியாக ஓர் அறிவிப்பு வந்தது. கடைசி என்றால் எனக்குக் கடைசி. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். இந்த முறை தவறினால் ஆயுசுக்கும் இடப்பக்கம் உட்கார்ந்து கோர்வை போடவேண்டியதுதான். கோர்வை போடுவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் எனக்கு அந்தப் பதவி வேண்டும். வெட்கப்படாமல் சொல்கிறேன், வெறியாக வேண்டியிருந்தது.

படிக்க நேரம்தான் இல்லை. காலையில் தறியில் உட்கார்ந்தால் வெளிச்சம் போகும்வரை எழுந்திருக்க முடியாது. நான் எழுந்தால் அவருக்கும் வேலை நின்றுவிடும். அதனால் விடிவதற்குள் எழுந்து படித்ததை நாடா எடுத்துக் கொடுக்கும்போது வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். ஒருநாள் என் கணவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா மொணமொணன்னுக்கினே இருக்குற? என்னையா திட்டுற?"

"இல்லைங்க, அரசியல் சட்டம்."

"அப்ப வாயத் தொறந்து சொல்லு. நானுந்தான் தெரிஞ்சிக்கிறேன்."

அவர் பத்தாவதோடு தறிக்கு வந்தவர். ஆனால் பேப்பரைத் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கத்து வரி விளம்பரம் வரைக்கும் படிக்கிற ஆள். எதையும் சீக்கிரத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார். கறிவேப்பிலை வாங்கினாலும் எதற்கு இந்த விலை என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். நான் பாடம் ஒப்பிக்க ஆரம்பித்ததும் அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். மத்தியானம் நான் பாத்திரம் கழுவுகிற நேரத்தில் என் புத்தகத்தை எடுத்துப் படித்துவைத்துக்கொண்டு, சாயங்காலம் அதிலிருந்தே என்னை மடக்குவார்.

அப்படியே ஒரு விதிமுறையும் வந்தது. எனக்குப் பதில் தெரியாவிட்டால் அவர் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிடுவார், தறி நின்றுவிடும். நான் யோசித்துச் சொன்னால்தான் மறுபடி ஓடும். "நான் சரியா பேசிக்கினு இருக்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. இது என் பங்கு ரூல்" என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஏனென்றால் நான் நன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதும் இடையில் நிறுத்திக் குறுக்குக் கேள்வி கேட்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. சரி என்று தலையாட்டினார்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. யார் வீட்டுத் தறி ஓடுகிறது, யார் வீட்டில் நின்றது என்று காதாலேயே சொல்லிவிடுவார்கள். எங்கள் தறி அடிக்கடி நிற்பது முதலில் சந்தேகமாகி, பிறகு வதந்தியாகி, கடைசியில் விஷயம் வெளியே வந்துவிட்டது. எதிர்வீட்டில் ஒரு பெண், கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள், தறி நின்ற மறுநிமிடம் வாசலுக்கு வந்துவிடுவாள்.

"அக்கா, இன்னா கேள்வி?"

என் கணவர் இங்கிருந்தே சத்தமாகக் கேள்வியைச் சொல்வார். அவள் அங்கிருந்து ஒரு பதிலைத் தூக்கிப் போடுவாள். பல நேரங்களில் அது சரியாகவே இருந்து தொலைக்கும். அந்தக் கடுப்பில் நான் படித்ததுதான் அதிகம்.

மாமியாருக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. கூடத்து மூலையில் உட்கார்ந்து தார் சுற்றுவார், அதாவது நாடாவுக்குள் வைக்கிற நூலைக் குச்சியில் சுற்றுவார். தறி நின்றால் அவருடைய கையும் நிற்கும்.

"ஒரு நாளைக்கு இத்தினி வாட்டி நின்னா புடவை எப்போ எறங்கறது?"

ஒருநாள் அவர் மனதில் இருந்தது முழுதாக வெளியே வந்தது. "நீ பாஸ் பண்ணா நல்லதுதாம்மா. நான் வாணாம்னு சொல்லல. நீ போயிட்டா எம் புள்ள பக்கத்துல யாரு ஒக்காருவா? ஆளு வெச்சா கை ஒத்துப் போவுமா? நான் உங்க மாமா பக்கத்துல ஒக்காந்தவ. எனக்குத் தெரியும்."

எனக்குச் சுரீரென்றது. அவர் சொன்னதில் தப்பே இல்லை. என் கணவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் என்னை அவர் பக்கத்திலிருந்து ஒரு சாண் தள்ளி உட்காரவைத்துக்கொண்டிருந்தது. நான் ஜெயித்தால் அவர் தறிக்கு ஆள் இல்லை. அதை அவரிடமே கேட்டுவிட்டேன்: "நான் பாஸாயிட்டா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

தறி நின்றது. முதல்தடவையாக அவருக்குப் பதில் தெரியாமல் நின்றது. கொஞ்சநேரம் அச்சுப் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இது சிலபஸ்ல இல்ல" என்று சொல்லிவிட்டு மிதித்தார்.

முதல்நிலைத் தேர்வில் தேறிவிட்டேன். முதன்மைத் தேர்வுக்கு முன்பு மயில்கழுத்து நிறத்தில் அரக்குக் கரை போட்ட புடவை ஒன்று தறியில் ஏறியது. அது முந்தானை வரை வந்திருந்த ஒரு நாளில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஊராட்சித் தலைவரு ஜனங்க ஓட்டுப் போட்டு வந்தவரு. கலெக்டரு பரீட்சை எழுதி வந்தவரு. பரீட்சை எழுதினவரு ஓட்டு வாங்கினவர வீட்டுக்கு அனுப்பலாமா?"

"அனுப்பலாம். சட்டத்துல இருக்குது."

"எந்த ஊரு நியாயம் இது? நாளைக்கி நீ பரீட்சை எழுதிட்டு வந்து, ஊரே சேர்ந்து ஒக்கார வெச்சவர எழுந்திருன்னு சொல்லுவியா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதுவரைக்கும் புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தவள் நான். அன்று புத்தகம் எங்கே போனதென்றே தெரியவில்லை. "சும்மா எழுந்திருன்னு சொல்ல முடியாதுங்க" என்று ஆரம்பித்தேன். முதலில் அவரிடம் விளக்கம் கேட்கவேண்டும். அவர் சொல்லும் விளக்கம் போதவில்லை என்றாலும் உடனே கை வைக்க முடியாது. தாசில்தாரை அனுப்பி, அதே ஊராட்சியின் உறுப்பினர்களைக் கூட்டி, அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கவேண்டும். அதையும் பார்த்த பிறகுதான் முடிவெடுக்கலாம். அந்த முடிவு தப்பென்றால் அவர் அரசாங்கத்துக்கு மேல்முறையீடு போகலாம். "கலெக்டர் நாற்காலிக்கு இருக்கிற பவரு தூக்கறதுக்கு இல்ல, கேக்கறதுக்கு. ரெண்டு பக்கமும் கேட்டுட்டுதான் வாயத் தொறக்கணும். கேக்காம தூக்கினா அது தப்பு. கேட்டுட்டும் தூக்காம இருந்தா, ஓட்டுப் போட்ட ஜனங்களுக்கே அது துரோகம். ஓட்டு வாங்கினவரு பெரியவருதான், யாரு இல்லன்னது? ஓட்டுப் போட்டவங்க அவர விடப் பெரியவங்க!"

அவர் விடவில்லை, மறுத்துக் கேட்டார். நானும் விடவில்லை. எதிர்வீட்டுப் பெண் நூலைப் போட்டுவிட்டு எங்கள் வாசற்படிக்கே வந்து நின்றுவிட்டாள். மாமியாரின் கையும் நின்றிருந்தது. தறி மட்டும் சடக் சடக்கென்று ஓடிக்கொண்டேயிருந்தது. நான் பேசி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. என் கணவர் "ம்" என்றார். அவ்வளவுதான். நெய்தது நெய்தபடி படமரம் என்கிற உருளையில் சுருண்டுகொண்டது, நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

புடவையை அறுத்து இறக்கி, எங்களுக்குப் பட்டும் சரிகையும் கொடுத்து நெய்து வாங்குகிற முதலாளியின் கடைக்கு அவர் எடுத்துக்கொண்டு போனார். அந்த முதலாளிக்குக் கண் வேண்டாம், கட்டைவிரல் போதும். கரையோரமாக விரலை ஓட்டிக்கொண்டே போவார். முந்தானையை ஒட்டிய இடத்தில் விரல் நின்றுவிட்டதாம். எழுந்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்திருக்கிறார். கரைக்கும் உடலுக்கும் நடுவே பல் விழுந்த வாய் மாதிரி அங்கங்கே வெளிச்சம்.

"இன்னாபா இது? கரை ஒரு பக்கம் போவுது, ஒடம்பு ஒரு பக்கம் போவுது. யாரு கோர்வை போட்டது?"

"நான்தான் கவனிக்கல" என்றிருக்கிறார் இவர்.

"உங்க வூட்டம்மா கலெக்டரு ஆவப் போறாங்கன்னு தெருவே பேசிக்கினு இருக்குது. எடுத்துக்கினு போப்பா. கலெக்டரம்மாவே கட்டிக்கட்டும்."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பட்டுக்கான பணத்தைக் கூலியில் பிடித்துக்கொண்டு புடவையைத் திருப்பி அனுப்பிவிட்டார். இதையெல்லாம் என் கணவர் ஏற்ற இறக்கம் இல்லாமல், யார் வீட்டுக் கதையையோ சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. என் கை விட்ட கோர்வை. சிரிப்பு வாங்கியது அவர்.

மாமியார் புடவையை மடியில் விரித்துப்போட்டு, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வோர் ஓட்டையாகத் தொட்டுப் பார்த்தார். இன்று எனக்கு நிச்சயம் பாட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் எழுந்துபோய்ப் புடவையை மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"எம் பையன் தறில எறங்கின புடவைய ஒருத்தன் சிரிச்சிக்கினே திருப்பி அனுப்பறானா? கலெக்டரம்மா கட்டிக்கட்டும்னு சொன்னான் இல்ல? கட்டிக்கோ. ஆயிட்டு வந்து கட்டிக்கோ. அதுவரைக்கும் இது வெளிய வராது." பிறகு என் கணவரிடம் திரும்பினார். "நாளைலேர்ந்து நான் ஒக்கார்றேன்பா. அவ படிக்கட்டும்."

முழங்கால் மடக்க முடியாத மனுஷி. ஒரு பலகையைப் போட்டு, காலை நீட்டிக்கொண்டு, மகனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். நான் எதிரே சுவரில் சாய்ந்து புத்தகத்தோடு உட்கார்ந்தேன். விதிமுறை மாறவில்லை. ஆனால் இப்போது கேள்வி கேட்க இரண்டு பேர். "அந்த ஆறு பேர சொன்னியே, இன்னாமா அது, மறுபடி சொல்லு" என்று அடிப்படை உரிமைகளைக் கேட்பார் மாமியார். வீட்டில் ரேஷன் கார்டு சம்பந்தமாக ஏதாவது வந்தால்கூட "இது எந்தச் சட்டத்துல வருது?" என்று கேட்கிற அளவுக்கு முற்றிப்போயிருந்தார்.

முதன்மைத் தேர்வை எழுதினேன், தேறினேன். நேர்முகத் தேர்வுக்குச் சென்னைக்குப் போனேன். வெள்ளைவெளேரென்ற அறையில் என்னைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். கோர்வை போடுகிறேன் என்றேன், விளக்கச் சொன்னார்கள், விளக்கினேன். அதன்பிறகு ஒருவர் சிக்கலான கேள்வி ஒன்று கேட்டார். எனக்குப் பதில் உடனே வரவில்லை. அறை அமைதியாகிவிட்டது. வெளியே வந்தபிறகு, தேர்வுக்கு வந்திருந்த மற்றவர்கள் எல்லோரும் அந்த மாதிரி அமைதியைத்தான் பயமாகச் சொன்னார்கள். எனக்கு ஒரு துளி பயம் வரவில்லை. தறி நின்றிருக்கிறது, யோசித்துச் சொன்னால் ஓடும், அவ்வளவுதானே. யோசித்தேன், சொன்னேன். கேட்டவர் பேனாவை எடுத்து என்னமோ எழுதினார்.

முடிவு வந்த நாளை எங்கள் தெரு இன்னும் பேசுகிறது. பட்டப்பகல். எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. மாமியாருக்கு அன்று முழங்கால் வலி அதிகம் என்பதால் நான் கோர்வைக்கு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. கூடப் படித்த தோழி சொன்னாள். நான் நாடாவைக் கீழே போட்டேன். தறி நின்றது. நின்றது நின்றதுதான், ஓடவே இல்லை. எதிர்வீட்டுப் பெண் பொறுத்துப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து கத்தினாள்.

"அக்கா! இன்னாக்கா கேள்வி?"

 என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசலுக்குப் போய், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரலில் பதில் சொன்னார்: "பாஸூ!"

ஒவ்வொரு தறியாக நின்றது. எதிர்வீடு, பக்கத்து வீடு, அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது. எங்கள் தெருவில் அமாவாசைக்கு மட்டும்தான் தறி ஓடாது. அன்று அமாவாசை இல்லை. ஜனம் திபுதிபுவென்று வந்து வீட்டை நிறைத்துவிட்டது. யாரோ சாமி புறப்பாட்டுக்கு வாங்கி வைத்திருந்த மாலையைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டார்கள். நான் துணை ஆட்சியர்தான், கலெக்டர் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தெரு அதைக் கேட்கத் தயாராக இல்லை. அந்தச் சந்தோஷத்தை நான் இன்றுவரைக்கும் குறைத்துச் சொன்னதில்லை, குறைத்துச் சொல்லவும் மாட்டேன். ஜெயித்தேன். என் வாழ்க்கையில் இனிமேல் எதுவும் நடக்காவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றுகிற அளவுக்கு ஜெயித்தேன்.

பயிற்சிக்குக் கிளம்பும்போது பீரோவைத் திறக்கச் சொன்னேன். மாமியார் மறுத்துவிட்டார். "அசலூர்ல கட்டிக்கினா யாருக்குத் தெரியும்? நம்ம ஊரு ஆபீஸுக்கு வருவ இல்ல, அப்ப கட்டிக்கோ." சொந்த ஊரில் லேசில் போடமாட்டார்கள் என்று விளக்கினேன். "போடும்போது போடட்டும். பட்டு ஒண்ணும் ஊசிப் போவாது" என்றார்.

ஊர் ஊராக வேலை பார்த்தேன். என்னைப் பற்றி ஒரு புகார் எல்லா ஊரிலும் உண்டு: இந்தம்மா பேசாமல் உட்கார்ந்தே கொல்லும் என்பார்கள். சுடுகாட்டுப் பாதைக்காக இரண்டு தெருக்காரர்கள் அடித்துக்கொண்ட ஊரில், இரு தரப்பையும் என் அறையில் எதிரெதிரே உட்காரவைத்து, எல்லோரும் கத்தி ஓயும்வரைக்கும் நான் வாயே திறக்கவில்லை. அமைதி நீண்டுகொண்டே போனது. பக்கத்தில் இருந்த தாசில்தார் நெளிந்தார். கடைசியில் ஒரு பெரியவர் தாமாகவே "எங்க வரப்பு ஓரமா விட்டுடறோம்மா" என்றார். நின்ற தறியை அவசரப்பட்டு மிதிக்கக் கூடாது என்பதை நான் எந்தப் பயிற்சியிலும் கற்றுக்கொள்ளவில்லை.

காஞ்சிபுரத்தில் அவருக்கு இடப்பக்கம் யார் உட்கார்ந்தது? மாமியாரால் முடியாமல் போனதும் எதிர்வீட்டுப் பெண் வந்து உட்கார்ந்தாள். கேள்வி கேட்கிற பழக்கம் அவரை விடவில்லை, பதில் சொல்கிற பழக்கம் அவளை விடவில்லை. குரூப் ஃபோர் எழுதினாள். குடிபோன செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்து இப்போது தாலுகா அலுவலகத்துக்குப் போய்வருகிறாள். அடுத்து அவள் சித்தி மகள் வந்தாள், அவளும் ஏதோ ஒரு தேர்வில் தேறிப் போய்விட்டாள். இப்போது அந்த இடத்துக்குச் சிபாரிசு பிடிக்கிறார்கள். மாமியார் தலையில் அடித்துக்கொள்கிறார்: "இந்தப் பலகைல எவ ஒக்காந்தாலும் கவர்மெண்டு வேலைக்கு ஓடிப்போறா. எம் புள்ளைக்குக் கோர்வை போட ஆளு நிக்கவே மாட்டேங்குது!" தலையில் அடித்துக்கொள்ளும்போது அவர் முகத்தில் இருக்கும் பெருமையை யாரும் பார்க்காமல் இருக்க முடியாது.

பிறகு ஒருநாள் காஞ்சிபுரத்துக்கே மாற்றல் வந்தது. மாமியார் சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தார். மயில்கழுத்து நிறம் அப்படியே இருந்தது. முந்தானையை ஒட்டிய ஓட்டைகளும் அப்படியே இருந்தன. முந்தானை மடிப்புக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டிருக்கலாம். நான் தோள்பக்கம் தெரிகிற மாதிரியே கட்டினேன்.

அந்தப் புடவையோடு நான் உட்கார்ந்த முதல் திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாளில், வரிசையில் அந்த முதலாளி வந்து நின்றார். தலை நரைத்துவிட்டது. தமக்காக வரவில்லை, தம்மிடம் பல காலம் நெய்துவிட்டுக் கண் மங்கிப்போன ஒரு கிழவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்திருந்தார், முதியோர் உதவித்தொகைக்காக. இந்த ஆளை நேருக்கு நேர் பார்த்து இரண்டு வார்த்தை கேட்க வேண்டும் என்று எத்தனையோ தடவை மனதுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். கிழவரின் கையைப் பார்த்ததும் அந்த வார்த்தைகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. மனுவை வாங்கி, செய்யவேண்டியதை அங்கேயே சொல்லி அனுப்பினேன்.

முதலாளி நகரவில்லை. அவருடைய கட்டைவிரல் ஆள்காட்டி விரலில் தானாகத் தேய்ந்துகொண்டிருந்தது. கண் என் தோளில் இருந்தது.

"அம்மா, இது நம்ம கடைக்கு வந்த புடவைதானே?"

"வந்துட்டுத் திரும்பின புடவை."

அசடு வழிவார் என்று பார்த்தேன். வியாபாரியா, கொக்கா! முகமெல்லாம் சிரிப்பாக, பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "நான் அப்பவே சொன்னேனேம்மா, கலெக்டரம்மாதான் கட்டிக்கணும்னு!" என்றார். எனக்கும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. போகும்போது திரும்பி நின்று இன்னொன்றும் சொன்னார்: "ஆனா ஒண்ணும்மா. உங்க வூட்டுக்காரரு தறில எறங்கின புடவை எத்தினியோ பார்த்துட்டேன். ஒரு எழ வுட்டதில்ல. இத மட்டும் எப்படி வுட்டாரு? எனக்கு இன்னும் புரியல."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கோர்வை விட்டது என் கைதான். ஆனால் ஓர் இழை பிசகினால் காலடியில் தெரிந்துவிடும் அவருக்கு. அடுத்த இழை ஓடுவதற்குள் நிறுத்தி, பிரித்து, சரி செய்துவிட்டுத்தான் மறுபடி மிதிப்பார். அப்படிப்பட்டவர் முந்தானை ஓரத்தில் அத்தனை ஓட்டை விழும்வரை எப்படிக் கவனிக்காமல் இருந்தார்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். தறி நின்றிருந்தது. இடப்பக்கத்துப் பெண் ஏதோ தேர்வு எழுதப் போயிருக்கிறாள் என்று அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் புடவையோடே போய்ப் பலகையில் உட்கார்ந்து சின்ன நாடாவை எடுத்தேன். அவர் மிதித்தார். கை ஒத்துப் போனது. கொஞ்சதூரம் நெய்துவிட்டு, என் தோளில் கிடந்த கரையைக் காட்டிக் கேட்டேன்.

"நெஜமாவே நீங்க கவனிக்கலையா?"

"பார்த்தேன்."

"எப்போ?"

"மொத எழ வுட்டப்பவே."

"அப்ப ஏன் நிறுத்தல?"

அவர் காலை எடுக்கவில்லை. தறி ஓடிக்கொண்டேயிருந்தது. என்னைப் பார்க்காமல், என் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீ சரியா பேசிக்கினு இருந்த. சரியா பேசிக்கினு இருக்கும்போது நிறுத்தக் கூடாதுன்னு நீதானே ரூல் போட்ட?"